நாற்பதில் வைத்த வாட்ச்

என் மாமாவின் வாட்சை ஊருக்கு அறிமுகம் செய்து வைத்தவர் எங்கள் பங்குச் சாமியார்தான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. சாமியார் பிரசங்கத்தில் நரகத்து நெருப்பு வரைக்கும் வந்துவிட்டார்; கோயிலே தலை குனிந்திருந்தது. சரியாக ஏழு மணிக்கு ஆண்கள் பக்கத்திலிருந்து ‘பீப் பீப்’ என்று ஒரு சத்தம். சாமியார் நரகத்தை அப்படியே விட்டுவிட்டு, “யார் வீட்டுக் கோழிக்குஞ்சு?” என்று கேட்டார். மாமா கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு கூரையைப் பார்த்தார். இனி அது எட்டு மணிக்குத்தான் கத்தும் என்று அவருக்குத் தெரியாது. பூசை முடிந்து வெளியே வரும்வரை கையை அக்குளிலிருந்து எடுக்கவில்லை.

அன்று மத்தியானமே வாட்ச் என் கைக்கு வந்தது. “ஏளா, நீ இங்கிலீஷ் படிக்கியல்லா? இதோட வாய அடைச்சுத் தா” என்றார்.

காயல்பட்டினத்துச் சிநேகிதர் ஒருவர் துபாயிலிருந்து வந்தபோது மாமாவுக்குக் கொடுத்தது அது. கறுப்புப் பட்டை, சதுர முகம், பக்கத்துக்கு இரண்டாக நான்கு பொத்தான்கள். கூடவே எட்டாக மடித்த ஒரு காகிதம். உலகத்தில் உள்ள பாஷை எல்லாம் அதில் பொடி எழுத்தில் இருந்தது, தமிழைத் தவிர. நான் அப்போது கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். எனக்குத் தெரிந்தது எழுத்துக் கூட்டத்தான். மீதியை ஊகித்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர்களைப் போல் வாட்ச் தப்புக்கு அடிக்கவில்லை என்பதால் ஒரே வாரத்தில் நன்றாகப் பிடிபட்டுவிட்டது. மணிக்கு மணி கத்துவதை முதலில் நிறுத்தினேன்.

இடது பக்கம் கீழே உள்ள பொத்தானை அமுக்க அமுக்க வாட்ச் வேறு வேறு ஆளாக மாறும். ஒரு தரம் அமுக்கினால் அலாரம். இன்னொரு தரம் அமுக்கினால் ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் பார்க்கும் ஸ்டாப் வாட்ச். தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை முக்கி எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்கிறேன் என்று அதில் பார்ப்பேன். இன்னொன்றில் வேறு ஊர் நேரம் வைக்கலாம். அதில் துபாய் நேரத்தை வைத்துவிட்டு, “மாமா, ஒங்க சிநேகிதர் இப்பதான் பல்லு வெளக்குதாரு” என்று சொல்வேன். மாமா ஆச்சரியப்பட்டுச் சிரிப்பார். கடைசியில் இருந்ததுதான் டைமர். எத்தனை நிமிடம் வேண்டுமோ வைத்துவிட்டால், ஒவ்வொரு விநாடியாகக் குறைந்துகொண்டே வந்து, பூஜ்யம் ஆனதும் பத்து விநாடி கத்தும். கத்தி முடித்ததும், வைத்த எண்ணுக்கே தானாகத் திரும்பிப் போய் நின்றுகொள்ளும். மாமாவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

ஏனென்றால் அப்பாவின் கயிறு மாமாவின் கையில் இருந்தது.

அப்பா சங்கு குளிக்கிறவர். எங்கள் கரையில் குளிக்கிறவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான். கூடப்பிறந்தவனிடம் கொடுக்க மாட்டார்கள், அவன் பங்காளி. பெண்டாட்டியின் தம்பியிடம் கொடுப்பார்கள். அக்காவின் தாலி அறுபடும்படி எந்தத் தம்பியும் கயிற்றை விட மாட்டான் என்பது நம்பிக்கை. முத்துப் போய்ச் சங்கு வந்தது. மூச்சைப் பிடித்துக் குளித்தது போய், வள்ளத்தில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதிலிருந்து காற்று வரும் டியூப்பை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவது வந்தது. மச்சினன் மட்டும் மாறவில்லை. கீழே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது அவன் சொல்வதுதான். அவன் இரண்டு தரம் வெட்டி இழுத்தால், காலடியில் வலம்புரியே கிடந்தாலும் விட்டுவிட்டு ஏறிவிட வேண்டும். ‘இன்னும் அஞ்சு நிமிசம் குடு’ என்று மச்சினனிடம் கேட்கிற வழக்கமே எங்கள் கரையில் கிடையாது. கேட்டால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம்.

ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு ஏறினால் ரத்தத்துக்குள் காற்றுக் குமிழிகள் உண்டாகி ஆளை முடக்கிப் போட்டுவிடும். இந்த விளக்கமெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று கரையில் அதற்கு ‘வாதம் அடிச்சிட்டு’ என்றுதான் பேர். அப்படி அடித்துப் படுத்தவர்கள் தெருவுக்கு ஒருத்தர் இருந்தார்கள்.

வாட்ச் வருவதற்கு முன்னால் மாமா நேரம் பார்த்தது செபமாலையில். வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மாலை. நிதானமாகச் சொன்னால் மூன்று மாலை நாற்பது நிமிடம். மூன்றாவது மாலையின் கடைசி மணி முடிந்ததும் கயிற்றை இழுப்பார். அப்பாவை அப்படித்தான் ஆறு வருஷம் மேலே ஏற்றினார். டைமர் வந்ததும் மாலை மடிக்குப் போனது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மாமா அவளுடைய செல்லத் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவர். சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். “யக்கா, மாதாவும் பாவம்லா, தெனமும் எங்கூட வெயில்ல ஒக்காந்திருக்காவ. கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்” என்று சிரித்தார்.

தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்று வாட்சின் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். “எழுதுனவன் நம்ம கடலப் பாத்திருக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டு, கழுவிக் காயவைத்த பால் கவர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் வாட்சைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டச் சொன்னார். பால் கவருக்கு வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் விரலால் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து அமுக்கலாம், சத்தமும் கேட்கும். வலது பக்கம் கீழே உள்ள பொத்தானை அமுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அப்பா இறங்கியதும் அமுக்குவார். வாட்ச் கத்தியதும் கயிற்றை இழுப்பார்.

சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் டைமரையும் தினமும் புதிதாக வைக்க வேண்டும் என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார். அது தேவையில்லை. ஒரு தரம் வைத்தால் மாற்றும்வரை அப்படியே இருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வாட்ச் தினமும் சாயங்காலம் என்னிடம் வராதே! அதனால் தினமும் நான் மிகவும் கஷ்டப்பட்டு நாற்பது வைப்பதுபோல் பாவனை செய்து, பால் கவரில் கட்டி, மாமாவின் சட்டைப் பையில் போட்டுவிடுவேன். விடியும் முன் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போவார். இந்த வீட்டில் முக்கியமான வேலை ஒன்று என்னிடம் இருக்கிறது என்று எனக்கு ஒரே கர்வம்.

அப்பா பேசுவது அபூர்வம். வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். என்னிடம் ஒரு வருஷத்தில் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். அந்த வருஷம் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைக் கை முழுவதும் நீட்டிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்திருந்தார். கடலுக்கு அடியில் மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைப் பார்த்துத்தான் சங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கண்ணுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கரையில் வள்ளம் வந்திருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் பையைச் சம்மாட்டியின் முன்னால் கவிழ்த்தார்கள். வள்ளத்துக்கும் கம்ப்ரசருக்கும் சொந்தக்காரர் அவர். இளவட்டங்களின் பைகளிலிருந்து சங்கு குவியலாக விழுந்தது. அப்பா கவிழ்த்ததில் இரண்டு கைக்குள் அடங்கும் அளவு. சம்மாட்டி காலால் அதைப் புரட்டிப் பார்த்தார்.

“என்ன வேய், குட்டி போடட்டும்னு எல்லாத்தயும் அங்கனயே விட்டுட்டு வந்திட்டேரா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். “அடுத்த பருவத்துக்கு ஒம்ம எடத்துல ஒரு சின்னப் பயல ஏத்தலாம்னு பாக்கேன்” என்று சம்மாட்டி சொன்னபோதும் அப்பாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சம்மாட்டியை ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது.

அன்று சாயங்காலம் நான் வாட்சோடு உட்கார்ந்திருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா குசினிக்குள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாட்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கீழ எறங்கவே அஞ்சு நிமிசம் போயிருது. அதயும் ஒம் மாமா கணக்குல புடிச்சிருதான்” என்றார். “அஞ்சு கூட்டி வையி. மாமாட்ட சொல்லாண்டாம்.”

மேல் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எண்கள் கண் சிமிட்டும். சிமிட்டும்போது கீழ்ப் பொத்தானை ஐந்து தரம் அமுக்கினேன். நாற்பத்தைந்து. அப்பா என் தலையில் கை வைத்தார். அந்தக் கையில் உப்பும் பீடியும் கலந்த வாடை. அதற்கு முன்னால் அவர் அப்படி வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஒரு கைக்காக நான் நானூறு நிமிடம்கூடக் கூட்டி வைத்திருப்பேன்.

பத்து நாள் கழித்து ஐம்பது ஆயிற்று. அப்புறம் ஐம்பத்தைந்து. மாமாவுக்குச் சந்தேகம் வரவில்லை. வாட்ச் பார்த்துக்கொள்ளும் என்று அவர் மற்றக் கயிறுக்காரர்களோடு கதை பேசிக்கொண்டிருப்பார். அப்பாவின் பை நிறைந்தது. “அத்தானுக்கு வயசு திரும்புது யக்கா” என்று மாமா சாப்பிடும்போது சந்தோஷமாகச் சொன்னார். சம்மாட்டி புது ஆளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். ராத்திரிகளில் அப்பாவுக்குத் தோளும் முழங்காலும் வலித்தன. அம்மா அடுப்படியில் இருக்கும்போது நான் தைலம் தேய்த்துவிடுவேன். வலி எதனால் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

அடுத்த தரம் நானாகவே, “அறுவது வைக்கட்டாப்பா?” என்று கேட்டேன். வைத்தும் காட்டினேன். முன்னால் இருந்த பூஜ்யம் போய், ஒன்று என்று வந்தது, ஒரு மணி நேரம் என்பதற்கு. அப்பா அதைத் தூரத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒண்ணுன்னு முன்னால வந்தா ஒரு பார்வைல தெரிஞ்சிரும். அம்பத்தொம்பது வையி” என்றார்.

அவருடைய சாமர்த்தியத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவும் சிரித்தார். இரண்டு பேரும் குசினியைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தோம். என் பிள்ளைப் பருவத்தில் அப்பாவோடு நான் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை, மூன்று மணிக்கு வர வேண்டிய வள்ளம் பன்னிரண்டு மணிக்கே வந்தது. தெருவில் பெண்கள் ஓடும் சத்தம் கேட்டு நானும் ஓடினேன். அப்பா மேலே வந்து, பீடி பற்றவைத்து, டீ கேட்டாராம். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாராம். பிறகு இடுப்பைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இறுக்குவதுபோல் இருக்கிறது என்று எழுந்தவர் அப்படியே விழுந்தாராம். வாதம் அடித்தால் முதல் வைத்தியம் ஆளைத் திரும்பவும் தண்ணீருக்குள் இறக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருப்பது. இறக்கினார்கள். பிரயோஜனம் இல்லை என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நான்கு பேர் தூக்கி வந்தார்கள். மாமா இரண்டு கால்களையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தார்.

“ஏலே, எங் காலு எங்கல?” என்றார் அப்பா. “காலப் புடிச்சிருக்கியா?”

“புடிச்சிருக்கேன் அத்தான்.”

“தெரியலயே.”

“புடிச்சிருக்கேன் அத்தான், நல்லா புடிச்சிருக்கேன்” என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டோவில் ஏற்றும்போது, நனைந்த சட்டையைக் கழற்றி என் கையில் திணித்தார். “வீட்ல வையி” என்று சொல்லிவிட்டு வெற்று மேலோடு ஆட்டோவுக்குள் குனிந்தார். அம்மாவின் அலறல் ஆட்டோவோடு போனது.

வீட்டில் யாரும் இல்லை. சட்டைப் பையில் பால் கவர் இருந்தது. ரப்பர் பேண்டை அவிழ்த்தேன். தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வாட்ச் ஐம்பத்தொன்பதில் போய் நின்றிருந்தது. என்ன நடந்தது என்று எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் இந்த எண்ணை யாரும் பார்க்கக் கூடாது என்று மட்டும் புரிந்தது. மேல் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். எண்கள் சிமிட்டின. இந்த வாட்சில் எண் கூடுமே தவிரக் குறையாது. ஐம்பத்தொன்பதிலிருந்து பூஜ்யத்துக்கு வந்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக நாற்பது தரம் அமுக்க வேண்டும். அவசரத்தில் நாற்பதைத் தாண்டிவிட்டேன். மறுபடியும் சுற்றி வந்தேன். ஒவ்வொரு அமுக்குக்கும் அது சின்னதாக ஒரு சத்தம் போட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கினேன். பிறகு பழையபடி கவரில் கட்டிச் சட்டைப் பையில் போட்டேன்.

ஐந்தாம் நாள், சங்கு குவித்து வைக்கும் சம்மாட்டியின் கிட்டங்கியில் பெரியவர்கள் கூடினார்கள். கயிறு பிடித்தவன் தவறினானா என்று விசாரிக்காமல் வள்ளம் திரும்பக் கடலுக்குப் போகாது. அதுவரை மாமா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார், வாட்சை அவர் தொடவே இல்லை. அன்று அப்பா வெகுநேரம் கீழே இருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். “மணி அடிச்ச ஒடனே இழுத்தேன், மாதா மேல சத்தியம்” என்றார் மாமா. அப்பாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டிருந்தார்கள். கயிறு அசைந்ததும் ஏறினேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அது பொய் இல்லை. வேறு ஒன்றும் அவர் சொல்லவில்லை.

வாட்சைக் கொண்டுவந்து பாருங்கள் என்று கேட்டதே மாமாதான். அதை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். சங்குச் சதை அழுகிய நாற்றம். நடுவில் ஒரு மேசை. கவரை அவிழ்த்து வைத்தேன்.

“எத்தன நிமிசம் வச்சிருக்க?” என்று சம்மாட்டி கேட்டார்.

“நாப்பது.”

“எப்பவும் அதானா?”

“எப்பவும் நாப்பதுதான்.”

மாமாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. “ஓடவிட்டுப் பாருங்க” என்றார்.

பொத்தானை அமுக்கினேன். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் வாட்ச் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா மடியிலிருந்து செபமாலையை எடுத்தார். உதடு அசைய ஆரம்பித்தது. அப்பாவுக்காக வேண்டுகிறார் என்று நினைத்தேன். ஒரு மாலை முடிந்தது. இரண்டு முடிந்தது. மூன்றாவது மாலையின் கடைசி மணியில் அவர் விரல் இருந்தபோது வாட்ச் கத்தியது.

கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மாமா கையிலிருந்த மாலையைப் பார்த்தார். வள்ளத்தில் தினமும் வாட்ச் கத்தும்வரை தான் உட்கார்ந்திருந்த நேரம் இது இல்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. வாட்ச் பத்து விநாடிதான் கத்தும், அது ஓய்ந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். என் பாவாடை நனைந்துவிட்டது.

“நாந்தான் அசந்துட்டேன்” என்றார் மாமா. “வெயில். கண்ணு சொக்கிட்டு. மணி அடிச்சது கேக்கல.”

அதோடு முடிந்தது. அவர் பொய்ச் சத்தியம் செய்தார் என்பது கரை முழுவதும் ஒரு மணி நேரத்தில் பரவிவிட்டது. அம்மா தெருவில் வைத்தே அவரை அடித்தாள். “இடுப்புல வச்சு வளத்தேனேல, என் தாலிய ஒன் கையில குடுத்தேனேல” என்று கத்திக்கொண்டே அடித்தாள். மாமா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அதன் பிறகு அவர் கையில் யாரும் கயிறு கொடுக்கவில்லை. வலை இழுக்கக்கூடக் கூப்பிடவில்லை. மேற்குக் கரைக்குப் போய்விட்டார்.

அப்பா இரண்டு மாதம் கழித்து இடுப்புக்குக் கீழே உயிர் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். கால்கள் மெலிந்துகொண்டே போயின. மூத்திரப் பையை மாற்றுவதும் படுக்கைப் புண்ணைக் கழுவுவதும் அம்மாவும் நானும். ஒருநாள்கூட அவர் வாட்சைப் பற்றிக் கேட்கவில்லை. மாமாவைப் பற்றி அம்மா சாபம் கொடுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் அப்பா இவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன். அதற்காக அவரைக் கும்பிட்டேன் என்றே சொல்லலாம். அந்தப் புண்களை அவ்வளவு பக்தியாகக் கழுவினேன். நான் பெரியவளானபோது, முதல் மாலை போட வேண்டிய தாய்மாமனைக் கூப்பிடக் கூடாது என்று அப்பா சொன்னார். கோபம் என்று நினைத்தேன். ஒன்பது வருஷம் அப்படிப் படுத்திருந்துவிட்டு அப்பா இறந்தார்.

இப்போது நான் நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒருநாள் பரீட்சை அறையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மணி நேரப் பரீட்சை. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுச் செல்போனைப் பார்த்தபோது டைமர் ஐம்பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. கையில் மிச்சமிருந்த கேள்வித்தாள்கள் நழுவிக் கீழே விழுந்தன. அறுபது வேண்டாம், ஐம்பத்தொன்பது வை என்று சொன்ன மனிதருக்குத் தான் செய்வது என்ன என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஐந்து ஐந்தாகக் கூட்டச் சொன்னதைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது. அவருடைய கண் போய்க்கொண்டிருந்தது, இடம் போய்க்கொண்டிருந்தது. மாமாவிடமிருந்து மறைப்பதற்காக மட்டுமே குறைத்த அந்த ஒரு நிமிடத்தை மன்னிக்க முடியவில்லை. அப்பா என்னுடைய ரகசியத்தைக் காக்கிறார் என்று ஒன்பது வருஷம் நினைத்திருந்தேன். அவருடைய ரகசியத்தை நான் காத்துக்கொண்டிருந்தேன். இது எனக்குப் புரிவதற்கு முன்னாலேயே மாமா, மேற்குக் கரையில் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு படகுத்துறையில் காய்ச்சலில் செத்துப்போனார் என்ற செய்தி மட்டும் வந்திருந்தது. அம்மா போகவில்லை.

மாமா ஊரைவிட்டுப் போன அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில், சிலுவை நிற்கும் குருசடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை. நான் பயந்துபோய் நின்றேன். இப்போது அடிப்பார், எல்லாவற்றையும் கேட்பார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து வாட்சை எடுத்து என் கையில் கட்டினார். பட்டையின் கடைசி ஓட்டையில் மாட்டியும் என் கைக்குப் பெரிதாக இருந்தது.

“நாப்பதுலதான இருக்கு?” என்றார்.

“ஆமா மாமா.”

“அப்படியே இருக்கட்டும் ஏளா. யார் கேட்டாலும் நாப்பதுதான். மாத்திராத.”

மாமா வாட்சைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது, நான் தப்பித்துவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. “மாத்த மாட்டேன் மாமா” என்று குருசடியைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். தம்பியின் பேச்சு வந்தால் இன்றைக்கும் எழுந்து குசினிக்குள் போய்விடுகிறாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.